கூட்டமாகப் போய் எண்ணும் பறவைக் கணக்கை நம்பலாமா?

ஆள்காட்டி:
பறவை பார்க்க யார் வேண்டுமானாலும் சேர்ந்து போகும் பொது நடைகள் பெருகிவிட்டன. வருகிறவர்களில் பாதிப் பேர் பைனாகுலரை அன்றுதான் முதல்முறையாகக் கையில் வாங்குகிறார்கள். வரட்டும், பார்க்கட்டும், அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் நடை முடிந்ததும் அந்தக் காலையின் பட்டியல் ‘தன்னார்வலர் கணக்கெடுப்பு’ என்ற பெயரில் அறிவியல் தரவாகப் பதிவேறுகிறதே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கதிர்க்குருவிகளையே எடுத்துக்கொள்வோம். பச்சையும் பழுப்புமாக, உள்ளங்கைக்குள் அடங்குகிற உடம்போடு, ஓரிடத்தில் நிற்காமல் கிளைக்குக் கிளை தாவிக்கொண்டே இருக்கும். பல இனங்களைக் குரல் கேட்டுத்தான் உறுதியாகப் பிரிக்க முடியும். இருபது பேர் கிசுகிசுத்துக்கொண்டு நிற்கிற இடத்தில் குரல் எங்கே கேட்கும்? முன்னால் நிற்பவர் ஒரு பெயரைச் சொல்வார், பின்னால் நிற்பவர்கள் தலையாட்டுவார்கள், பெயர் பட்டியலில் ஏறிவிடும். சில ஆண்டு கழித்து யாரோ அதை எடுத்து ‘இந்த இனம் பெருகியிருக்கிறது’ என்று வரைபடம் போடுவார். பயிற்சி இல்லாதவர்கள் சேர்ந்து போடும் பட்டியலைக் கணக்கெடுப்பு என்று சொல்லாதீர்கள். அவ்வளவுதான் என் வாதம்.

வலசை:
ஆள்காட்டி, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவு சரியில்லை. பறவைகள் கூடினவா குறைந்தனவா என்று இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, சம்பளம் வாங்காதவர்கள் எண்ணிக் கொடுத்தது. வட அமெரிக்காவில் அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸ் அன்று இரண்டு அணியாகப் பிரிந்து, யார் அதிகமாகச் சுட்டு வீழ்த்துகிறார்கள் என்று போட்டி வைப்பார்கள். சுடுவதை விட்டுவிட்டு எண்ணிப் பார்ப்போம் என்று 1900-இல் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் அழைப்பு விடுத்தார். அந்த முதல் ஆண்டில் 25 இடங்களில் 27 பேர்தான் எண்ணினார்கள். அது இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது.

2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வைப் பாருங்கள். 1970-க்குப் பிறகு அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்ந்து சுமார் 290 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று அது காட்டியது. அதற்கு ஆதாரம் பெரும்பாலும் தன்னார்வலர்களின் கணக்குகள்தான். அதே ஆய்வில் வானிலை ரேடார் பதிவுகளையும் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். இரவில் வலசை போகும் பறவைகளின் மொத்த எடை 2007-க்கும் 2017-க்கும் இடையில் மட்டும் சுமார் 14 சதவீதம் குறைந்திருந்தது. ரேடார் யாருடைய கண்ணையும் நம்பி இயங்குவதில்லை. அதுவும் குறைவு என்றே சொன்னது.

ஆள்காட்டி:
நீங்கள் சொன்ன ஆய்வு என் பக்கம்தான் பேசுகிறது. அதற்கு முதுகெலும்பு வட அமெரிக்காவில் 1966-இல் தொடங்கிய இனப்பெருக்கக் காலக் கணக்கெடுப்பு. ஒரு தடத்துக்கு 50 நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலும் 3 நிமிடம், சூரியன் உதிக்க அரை மணி முன்பே தொடங்க வேண்டும். அந்தப் பகுதிப் பறவைகளைப் பார்த்தும் கேட்டும் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் தடமே கொடுப்பார்கள். சம்பளம் வாங்காதவர் வேறு, பயிற்சி இல்லாதவர் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமை நடைக்கு அந்த மரியாதையைக் கேட்கிறீர்கள்.

சதவீதம்:
இடையில் வருகிறேன், இது நான் தினமும் கையாளும் தரவு. ஒரு பட்டியல் நல்லதா கெட்டதா என்று தனித்தனியாகக் கேட்டால் விடை கிடைக்காது. பட்டியலோடு என்ன தகவல் வருகிறது என்று கேட்க வேண்டும்.

கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002-இல் தொடங்கிய ஈபேர்டு என்ற இணையத்தளத்தில் பட்டியல் போடும்போது எப்போது தொடங்கினீர்கள், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், எத்தனை பேர் என்று கேட்கும். கடைசியில் ஒரு கேள்வி வரும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதினீர்களா? புதியவர்கள் யோசிக்காமல் கடந்துபோகும் அந்தக் கேள்விதான் எனக்கு உயிர். ‘ஆம்’ என்று சொன்னால், பட்டியலில் இல்லாத பறவை அங்கே தென்படவில்லை என்று நான் எடுத்துக்கொள்ளலாம். அரிய பறவையை மட்டும் எழுதிவிட்டுக் காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டால் அந்தப் பட்டியல் இந்த வேலைக்கு ஆகாது. நூறு முழுப் பட்டியலில் எத்தனையில் ஓர் இனம் வருகிறது என்பதை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவோம். பெரும்பாலும் தலையை எண்ணிக் கூட்டுவதே இல்லை.

இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2020-இல் வந்த அறிக்கை இப்படித் தயாரானதுதான். சிட்டுக்குருவி அழிந்துகொண்டே போகிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த நேரம். நாடு முழுக்கப் பார்த்தால் 25 ஆண்டுகளாக அது ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று அந்தப் பட்டியல்கள் காட்டின. இதற்குக் கதிர்க்குருவி நிபுணர் தேவைப்படவில்லை. சிட்டுக்குருவியைத் தெரிந்த ஆயிரக்கணக்கானோர் தேவைப்பட்டார்கள்.

திறமை வேறுபாட்டுக்கும் வழி இருக்கிறது. ஒருவர் ஒரு மணி நேரத்தில் வழக்கமாக எத்தனை இனம் பதிகிறார் என்பதை வைத்து அவர் அனுபவத்தை மதிப்பிட்டுக் கணக்கில் சேர்க்கலாம். ஆள்காட்டி பெருமையாகச் சொன்ன 3 நிமிடக் கணக்கெடுப்பிலும் முதலாண்டு எண்ணுபவர்கள் குறைவாகவே பதிகிறார்கள் என்று தெரிந்து அதைச் சரிசெய்துதான் பயன்படுத்துகிறார்கள். வல்லுநருக்கும் வயதாகும். உயர்ந்த சுருதியில் கத்தும் பறவைகள்தான் முதலில் காதுக்கு எட்டாமல் போகும், பறவை குறைந்த மாதிரித் தெரியும். பிழை எல்லாப் பக்கமும் உண்டு, அது எந்தத் திசையில் சாய்கிறது என்று தெரிந்தால் போதும்.

ஆள்காட்டி:
குறைவாகப் பதிவதைச் சரிசெய்யலாம், ஒத்துக்கொள்கிறேன். இல்லாததைப் பதிவதை எப்படிச் சரிசெய்வீர்கள்?

சதவீதம்:
ஈபேர்டில் ஒவ்வொரு பகுதிக்கும் மாதத்துக்கும் எதிர்பார்க்கும் இனமும் எண்ணிக்கையும் வரையறுத்து வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் பதிவு நிற்கும், அந்தப் பகுதியின் மதிப்பாய்வாளர் படமோ விளக்கமோ கேட்பார். அரிய பறவை அங்கே வடிகட்டப்படும். ஆனால் அந்த இடத்தில் இருக்கக்கூடிய ஒரு கதிர்க்குருவியை இருக்கக்கூடிய இன்னொன்றாக எழுதினால் வடிகட்டி பிடிக்காது. அந்த அளவில் உங்கள் புகார் நியாயம்.

புதிய இறகு:
நான் நடைக்குப் போக ஆரம்பித்து அதிக நாள் ஆகவில்லை. நீங்கள் பேசுகிற ‘பயிற்சி இல்லாதவர்’ நான்தான். நான் போகும் குழுவில் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

பட்டியலை எழுதுவது ஒரே ஒருவர். நாங்கள் எதைப் பார்த்தாலும் அவரிடம் சொல்ல வேண்டும், அவர் உடனே எழுத மாட்டார். கண்ணுக்கு மேலே கோடு இருந்ததா, இறக்கையில் பட்டை இருந்ததா, வால் ஆடியதா என்று கேட்பார். சொல்லத் தெரியாவிட்டால் ‘கதிர்க்குருவி, இனம் தெரியவில்லை’ என்றே பதிவார். அப்படிப் பதியலாம் என்பதே எனக்கு முதலில் தெரியாது.

போன முறை தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று பாதையைக் கடந்தது. எல்லோரும் ‘பத்திருக்கும்’ என்றோம். அவர் எங்களை அசையாமல் நிற்கச் சொல்லி, புதருக்கும் புதருக்கும் நடுவே இருந்த இடைவெளியை மட்டும் பார்க்கச் சொன்னார். ஒவ்வொன்றாகத் தத்தித் தத்திக் கடந்தன. ஏழு போனது, ஒன்று பாதி வழியில் திரும்பியது, மறுபடி வந்தது, அதன் பின்னால் இன்னும் ஐந்து. எல்லாம் சேர்த்துப் பதிமூன்று. புத்தகத்தில் இதை எங்கே கற்றிருப்பேன்? ஆள்காட்டி சார், கணக்கெடுப்பிலிருந்து எங்களை விலக்கிவிட்டால் நாளைக்கு உங்கள் 3 நிமிட நிறுத்தத்தில் யார் நிற்பார்கள்?

வலசை:
இதைத்தான் நான் சொல்ல வந்தேன். பயிற்சி கொடுத்துவிட்டு அப்புறம் எண்ண விடலாம் என்பது நடக்காத காரியம். எண்ணுவதுதான் பயிற்சி.

நீர்நிலை:
நீர்ப்பறவை எண்ணுகிறவன் என்ற முறையில் இரு தரப்புக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பதிமூன்று தவிட்டுக்குருவியை எண்ணுவது வேறு, ஏரியில் பரவிக் கிடக்கும் வாத்துக்கூட்டத்தை எண்ணுவது வேறு. முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் அதே அளவுக் கட்டம் எத்தனை என்று கூட்டத்தின் மேல் நகர்த்திப் போக வேண்டும். பெரிய கூட்டமானால் நூறு நூறாக. பழகாத கண் பெரிய கூட்டத்தைப் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடும். நடுவில் ஒரு சேற்றுப்பருந்து வந்தால் மொத்தமும் எழும்பும், இறங்கிய பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பருந்து வந்தால் இயற்கை. கூட்டமாக ஆட்கள் கரைமேல் ஏறி வானத்தின் எதிரே நிழலுருவமாக வரிசையில் நின்றாலும் அதேதான் நடக்கிறது. பறவைகள் எதிர்க்கரைக்கு நகர்ந்துவிடும். அங்கே நிற்கும் அடுத்த குழு அவற்றை மறுபடி எண்ணும். பிரிட்டனில் 1979 முதல் நடக்கும் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பில் ஒரு நல்ல விதி உண்டு. ஒரு மணி நேரம் பார்க்கலாம், ஆனால் ஒவ்வோர் இனத்திலும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கையைத்தான் எழுத வேண்டும். போய்ப் போய் வரும் ஒரே குருவியைப் பத்தாக எண்ணாமல் அது காப்பாற்றுகிறது. ஏரியில் அந்த விதி போதாது. ஆட்களைக் குறைப்பது, எல்லாக் கரையிலும் ஒரே நேரத்தில் எண்ணுவது, இரண்டும் வேண்டும்.

ஆள்காட்டி:
நீர்நிலை சொன்னதுதான் என் மனதில் இருக்கும் பெரிய வலி. தரவுப் பிழையைச் சதவீதம் சரிசெய்துகொள்வார். பறவைக்கு நேரும் தொல்லையை யார் சரிசெய்வது? 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், காட்டுப் பாதையில் நாயோடு நடந்தபோது அங்கே தென்பட்ட பறவை இனங்கள் 35 சதவீதமும் பறவைகளின் எண்ணிக்கை 41 சதவீதமும் குறைந்தன. நாய் இல்லாமல் நடந்தபோதும் தொல்லை இருந்தது, குறைந்த அளவில். பகலில் மரப்பொந்தில் தூங்கும் ஆந்தையை ஒவ்வொருவராகப் போய்ப் படம் எடுத்து வரும் நடைகளைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது கண்ணைத் திறந்து பார்க்கிறது என்று மகிழ்கிறார்கள். தூங்க வேண்டிய பறவை ஏன் கண்ணைத் திறக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு பகிர்கிறார்கள். குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கிறார்கள். எல்லை காக்கும் ஆண் பறவை இல்லாத எதிரியோடு சண்டைக்கு வந்து அலைகிறது.

இன்னொன்று, பட்டியல்கள் எல்லாம் பாதை இருக்கும் பூங்காவிலும் ஏரிக்கரையிலும் விடுமுறை நாளிலும் குவிகின்றன. யாரும் போகாத புன்செய் நிலத்தில் என்ன நடக்கிறது என்று இந்த நடைகள் ஒருநாளும் சொல்லாது.

வலசை:
இரண்டாவதற்கு முதலில் பதில். கேரளப் பறவை வரைபடத் திட்டத்தில் 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் உழைத்தார்கள். எங்கே எண்ணுவது என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. மாநிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, குலுக்கல் முறையில் விழுந்த இடங்களுக்கு மழைக்காலத்தில் ஒருமுறை, வறண்ட காலத்தில் ஒருமுறை போனார்கள். பூங்காவும் வரும், ரப்பர் தோட்டமும் வரும். மூன்று லட்சத்துக்கும் மேல் பதிவுகள் சேர்ந்தன. அந்தத் திட்டத்துக்கு வந்தவர்களில் யாரும் வானத்திலிருந்து குதிக்கவில்லை, ஏதோ ஒரு காலை நடையில்தான் தொடங்கியிருப்பார்கள்.

முதலாவதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஒலி போடுவதும் கூட்டைப் பகிர்வதும் கூடவே கூடாது. அப்படிச் செய்யும் நடைக்கு நானே போக மாட்டேன். ஆனால் நடையை நிறுத்தினால் அந்த ஆந்தைக்கு நிம்மதி வந்துவிடுமா? கேமராவோடு தனியாக வருகிறவரைத் தடுக்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். ‘இங்கிருந்தே பாருங்கள், கிட்டே போகாதீர்கள்’ என்று சொல்ல ஒரு தலைவர் இருப்பது நடையில் மட்டும்தான்.

ஆள்காட்டி:
அப்படிச் சொல்லும் தலைவர் இருந்தால். சரி, நான் கேட்பது இவ்வளவுதான். புதிய இறகு சொன்ன மாதிரி ஒருவர் எழுதி, தெரியாததைத் தெரியாது என்றே பதியும் நடைப் பட்டியலை எதிர்க்க மாட்டேன். ஏரிக் கணக்கெடுப்பன்று பொது நடை வேண்டாம், கரைக்கு மூன்று நான்கு பேர் போதும். கூடுகள் நிறைந்த மரங்களுக்கும் மாலையில் பறவைகள் அடையும் இடத்துக்கும் கூட்டத்தை அழைத்துப் போகவே வேண்டாம்.

நீர்நிலை:
மூன்று நான்கு பேரில் ஒருவர் புதியவராக இருக்கட்டும். எண்ணுகிறவர் கண்ணைத் தொலைநோக்கியிலிருந்து எடுக்காமல் எண்ணைச் சொல்ல, எழுதிக்கொள்ள ஓர் ஆள் எப்படியும் வேண்டும்.

வலசை:
ஏரிக்கும் அடையும் இடத்துக்கும் சம்மதம். கூடு கட்டும் மரங்கள் விஷயத்தில் சம்மதமில்லை. தெருவோரத்து மரத்தில் நூற்றுக்கணக்கில் கொக்குகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டினால், எச்சத்துக்காக அந்த மரத்தையே வெட்டிவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தூரத்தில் நின்று குஞ்சுக்கு இரை ஊட்டுவதைப் பார்த்த நாலு பேராவது அதே தெருவில் இருந்தால்தான் அந்த மரம் நிற்கும். அந்த நடையை நான் நிறுத்த மாட்டேன்.

ஆள்காட்டி:
எவ்வளவு தூரத்தில் நிற்பீர்கள் என்று முதலில் எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.