வெள்ளிக்கிழமை மட்டும் கடிக்கும் ரேடியோ

சாட்ஸ்வொர்த், டர்பன்

எங்கள் வீட்டு வால்வு ரேடியோ ஆயாவை மட்டும்தான் கடிக்கும். அதுவும் வெள்ளிக்கிழமைகளில். தாத்தா தொட்டால் ஒன்றும் ஆகாது, அத்தை தொட்டாலும் ஆகாது. "அவளுக்கும் பாட்டுக்கும் ஆகாது, அதான்" என்று தாத்தா சிரிப்பாராம். ஆயா கடைசி வரை ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டுதான் அதன் பக்கம் போனார். வீட்டுக்குள் அவர் செருப்புப் போட்டது அந்த ஒரு காரியத்துக்கு மட்டும்தான்.

போன வருஷம் கராஜைக் காலி செய்தபோது அது கையில் கிடைத்தது. க்ரீம் நிறப் பிளாஸ்டிக் பெட்டி, ஐந்து வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்), மீடியம் வேவும் ஷார்ட் வேவும். 1950களின் நடுவில் தாத்தா கேட்டோ மேனரில் இருந்தபோது வாங்கியது. இனம் இனமாக ஊரைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் எங்களைச் சாட்ஸ்வொர்த்துக்குத் தள்ளியபோது லாரியில் அத்தையின் மடியில் உட்கார்ந்து வந்ததாம். தென்னாப்பிரிக்காவின் ஸ்பிரிங்பாக் ரேடியோவும், மொசாம்பிக்கிலிருந்து வந்த எல்.எம். ரேடியோவும் அதில்தான் கேட்டார்கள். எல்.எம். 1975-ல் நின்றது, அடுத்த வருஷம் நாட்டுக்கே டிவி வந்தது, ரேடியோ கராஜுக்குப் போனது.

நான் எலெக்ட்ரீஷியன் இல்லை, கணக்கு எழுதுகிறவன். ஆனால் சால்டரிங் வரும். பின்மூடியைக் கழற்றிப் பார்த்ததும் முதலில் தேடியது, மின்சாரத்தை ரேடியோவின் உடம்பிலிருந்து பிரித்துவைக்கும் பவர் டிரான்ஸ்ஃபார்மரை. அது இல்லவே இல்லை. அங்கேதான் ஆயாவின் கதை பிடிபட ஆரம்பித்தது.

இந்த வகை ரேடியோவில் மின்சாரத்தின் ஒரு ஒயர் நேராக உள்ளிருக்கும் இரும்புச் சட்டத்தில் இணைந்திருக்கும். விலை குறையும், ஏசியிலும் டிசியிலும் ஓடும். வால்வுகளின் இழைகள் தீபாவளிச் சரவிளக்கு மாதிரி வரிசையாகக் கோக்கப்பட்டவை. ஒன்று போனால் ஐந்தும் இருட்டு. என்னுடையதில் யு.சி.எச்.42, யு.எஃப்.41, யு.பி.சி.41, யு.எல்.41, யு.ஒய்.41. அவற்றுக்கு 14, 12.6, 14, 45, 31 வோல்ட். கணக்கு எழுதுகிறவன் கூட்டாமல் இருப்பானா? 116.6. வீட்டு மின்சாரத்தில் மீதி நூறு வோல்ட்டுக்கு மேல் ஒரு 1000 ஓம் ரெசிஸ்டரில் வெறும் சூடாகப் போகிறது, பத்து வாட். பெட்டியின் கூரை அந்த இடத்தில் மட்டும் பழுத்து, லேசாக வளைந்திருந்தது.

சரி, ஆயாவுக்கு வருகிறேன். பழைய பிளக் இரண்டு முள் வகை. எப்படித் திருப்பிச் சொருகினாலும் போகும். ஒரு பக்கம் சொருகினால் சட்டத்தில் ஷாக் அடிக்காத நியூட்ரல், மறுபக்கம் சொருகினால் ஷாக் அடிக்கும் முழு லைவ். வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது ஆயா பிளக்கைப் பிடுங்கி, துடைத்து, மறுபடி சொருகுவார். சிமெண்ட் தரை, ஈரக் கால். வால்யூம் குமிழ் எப்போதோ உடைந்து, வெறும் இரும்புத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும், அதைத் திருகியே பழகிவிட்டார்கள். தண்டு சட்டத்தோடு சேர்ந்தது. பாதி வெள்ளிக்கிழமைகள் தப்பித்திருப்பார், மீதி வெள்ளிக்கிழமைகள்தான் குடும்பக் கதையாயின. தாத்தா மாலையில் செருப்போடு உட்கார்ந்து கேட்டவர். அவருக்கு எங்கே தெரியப்போகிறது? அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வருகிறது.

வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நேராகச் சொருகிப் பார்க்கவில்லை. முதலில், மெயினோடு நேர் இணைப்பில்லாமல் அதே வோல்ட்டைத் தரும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், அதற்குப் பிறகு வரிசையில் 60 வாட் பல்பு. இதற்கு எல்.இ.டி. உதவாது, இழை பல்பே வேண்டும். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும், ரேடியோ பிழைக்கும். மின்சாரத்தைத் தேக்கும், மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்கள் டர்பன் காற்றில் ஈரம் குடித்து ஒன்றுகூட உருப்படியில்லை. அவற்றில் யு.எல்.41 வால்வைக் கட்டுப்படுத்தும் கிரிடுக்குப் போகும் கண்டென்சர்தான் எமன். அது கசிந்ததால் பூஜ்யம் காட்டவேண்டிய இடத்தில் மீட்டர் 8 வோல்ட் பாசிட்டிவ் காட்டியது. அப்படியே விட்டிருந்தால் வால்வு தன்னையே எரித்துக்கொண்டிருக்கும். 630 வோல்ட் பாலியஸ்டர் கண்டென்சர் ஒன்று வைத்ததும் பூஜ்யம். மின்சார ஒயர்களுக்கு நடுவே உட்காரும் கண்டென்சருக்கு மட்டும் அந்த இடத்துக்கென்றே உள்ள பாதுகாப்பான எக்ஸ்2 வகை போட்டேன். உறுமலுக்குக் காரணமான பெரிய எலெக்ட்ரோலிடிக் கண்டென்சர் டப்பாவை அழகுக்காக அப்படியே விட்டு, இணைப்பை வெட்டி, புதியதை அடியில் ஒளித்தேன்.

மூன்றாம் ஞாயிறு பாடியது. பாடியது என்றா சொன்னேன்? இரைந்தது. சுற்றிலும் சார்ஜர்களும் எல்.இ.டி. விளக்குகளும், மீடியம் வேவில் பகலில் எனக்குக் கிடைத்தது பெரும்பாலும் அவற்றின் சத்தம்தான். 1983-ல் இந்தியர்களுக்காக வந்த லோட்டஸ் வானொலி இன்று எஃப்.எம்.மில், இதில் எஃப்.எம். கிடையாது.

இரண்டு கேள்விகள். பெட்டியின் பக்கவாட்டில் பாம்பு ஊர்ந்த மாதிரி ஒரு பள்ளம், ஒயரைச் சுற்றிவைத்த அதே தடத்தில். யாரும் சுடவில்லை, வெட்டவில்லை. அது எப்படி வந்தது? போனிலிருந்து பாட்டை இந்த ரேடியோவுக்குள் எப்படி அனுப்புவது?

மெரபேங்க், டர்பன்

தம்பி, பள்ளம் ஒயர் தின்ற இடம். உங்கள் பெட்டி பழைய கெட்டிப் பிளாஸ்டிக்கான பேக்லைட் இல்லை, பாலிஸ்டைரீன். முதலில் துணி சுற்றிய ரப்பர் ஒயர் இருந்திருக்கும், பிற்பாடு யாரோ பிவிசி ஒயர் மாற்றியிருப்பார்கள். பிவிசியை வளையவைக்க ஒரு எண்ணெய் சேர்ப்பார்கள். அந்த எண்ணெய் வருஷக்கணக்கில் கசிந்து பாலிஸ்டைரீனை இளக்கிவிடும். அதை நிரப்பப் போகாதீர்கள். நிறம் ஒருநாளும் சேராது.

போன் விஷயத்தில் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்: இந்த ரேடியோவுக்குப் போன் ஒயர் சொருகும் ஆக்ஸ் துளை போடவேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் என்றைக்காவது யாராவது சொருகினால், போனின் உலோகமும் அதைப் பிடித்த கையும் லைவ் ஆகிவிடும். போன் பாட்டை ரேடியோ அலையாக அனுப்பும் சின்ன ஏ.எம். டிரான்ஸ்மிட்டர் ஒன்று செய்துகொள்ளுங்கள். அறையைத் தாண்டாது. போன் அதோடு, ரேடியோ தன் பாட்டுக்குத் தனியாக.

இன்னொன்று. புதுக் குமிழ் போட்டீர்களா? போட்டிருந்தால் திருகாணிக் குழியை மெழுகால் அடையுங்கள். அந்தத் திருகாணியும் லைவ்தான். பழைய காலத்தில் அதற்காகவே குழியில் மெழுகு இருக்கும். சுத்தம் செய்கிறேன் என்று அதைச் சுரண்டி எடுக்கிற ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் வாரிக் அவென்யூ மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் பையனாகச் சேர்ந்து தொழில் கற்றவன். சேர்ந்த புதிதில் ஒரு வெள்ளைப் பெட்டி வந்தது, உங்களுடையது மாதிரியே. பேக்லைட்டைத் தின்னரால் துடைத்துப் பழகிய கை. பெயிண்ட் கறை போகட்டும் என்று அதே துணியால் இதையும் அழுத்தித் துடைத்தேன். பெட்டி என் விரலோடு வந்தது. ஐந்து விரல் ரேகையும் முகப்பில் பதிந்து, போலீஸில் கொடுக்கலாம் போல இருந்தது. முதலாளி ஒன்றும் பேசவில்லை, உரிமையாளர் வந்ததும் என்னையே முன்னால் நிறுத்திவிட்டார். அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரேடியோ பாடுதா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து பிளாஸ்டிக்குக்குச் சோப்புத் தண்ணீர், மெல்லிய துணி, கடைசியில் பிளாஸ்டிக் பாலிஷ்; அவ்வளவுதான். பேக்லைட்டுக்குப் பித்தளை துலக்கும் பிராஸோ போதும்.

டயல் கயிறு அறுந்திருந்தால் மீன்பிடிக் கடைக்குப் போங்கள். ஒற்றை நைலான் இழை வேண்டாம், இழுபடும். பின்னல் தூண்டில் நூல் கேளுங்கள். எங்களுக்கு அந்தக் காலத்தில் மீன்பிடிக்கிறவர்களே கொண்டுவந்து கொடுப்பார்கள், பதிலுக்கு ஒரு வால்வு.

ஃபீனிக்ஸ், டர்பன்

அண்ணா, இரைச்சல் பற்றி ஒன்று. என்னிடம் இருப்பது பேட்டரி வால்வு ரேடியோ, டி.கே.96 வரிசை வால்வுகள், அதுவும் பிளாஸ்டிக் பெட்டிதான். இழைகளுக்கு ஒன்றரை வோல்ட், மற்றதுக்கு 90 வோல்ட். அந்தப் பழைய 90 வோல்ட் பேட்டரி இப்போது எங்கே கிடைக்கும்? பத்து 9 வோல்ட் பேட்டரியை வரிசையாகக் கோத்தேன். அவசரத்தில் கிளிப் வழுக்கி 90 வோல்ட் இழைப் பக்கம் பட்டது. நான்கு வால்வும் ஒரே மின்னலில் போய்விட்டன. அடுத்த நான்கு தேடுவதற்கு எட்டு மாதம்.

ஆனால் 2023-இல் லோட்ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) உச்சத்தில் இருந்த ஒரு ராத்திரி. தெருவே இருட்டு, ஒரு சார்ஜர் இல்லை, ஒரு எல்.இ.டி. இல்லை. சும்மா திருப்பினேன். மீடியம் வேவ் முழுக்க ஊர் ஊராக நிலையங்கள். எனக்குப் புரியாத மொழியில் ஒருவர் செய்தி வாசிக்கிறார், பக்கத்து அறையில் இருக்கிற மாதிரி. பக்கத்து வீட்டுக் கிழவர் வேலியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கரண்ட் வந்ததும் ர்ர்ர் என்று ஒரு சுவர் எழும்பி எல்லாவற்றையும் மறைத்தது. கரண்ட் வந்ததற்கு வருத்தப்பட்ட இரண்டு பேர் அன்றைக்கு நாங்களாகத்தான் இருக்கும்.

சாட்ஸ்வொர்த், டர்பன்

மெரபேங்க் அண்ணாச்சிக்கு நன்றி. பள்ளத்தைத் தொடவில்லை. குமிழ் குழியில் மெழுகுவர்த்தி சொட்டுவிட்டு அடைத்தாயிற்று. இரண்டு முள் பிளக்கைத் தூக்கிப் போட்டு, திருப்பிச் சொருகமுடியாத மூன்று முள் பிளக் வைத்து, சட்டம் நியூட்ரலில் இருக்கிறதா என்று மீட்டரில் இரண்டு முறை பார்த்தேன். டிரான்ஸ்ஃபார்மரும் கூடவே இருக்கிறது. டிரான்ஸ்மிட்டர் ஒரு சோப்பு டப்பாவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. போனில் லோட்டஸ், ரேடியோவிலும் லோட்டஸ்.

போன சனிக்கிழமை அத்தையைக் கூட்டிவந்து முன்னால் உட்காரவைத்தேன். வயது 81. டயல் விளக்கு எரிந்து, வால்வு சூடாகி, அரை நிமிஷம் கழித்துப் பாட்டு மெல்ல எழும்பி வந்தது. சத்தம் போதவில்லை என்றார். "கூட்டுங்களேன் அத்தை, இப்போ ஒன்னும் பண்ணாது" என்றேன். பிளக், டிரான்ஸ்ஃபார்மர், மெழுகு எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், தன் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து குமிழைத் திருகினார்.