கொழும்புக்குப் போகிற வன்னிப் பிள்ளைகளுக்கு, வெள்ளவத்தையில் இருந்த ஒருத்தி சொல்வது

பரந்தன், கிளிநொச்சிப் பக்கத்துப் பிள்ளைகள் யாருக்காவது கொழும்பில் வேலை சரிவந்தால் அடுத்த நாளே என்னைத் தேடி வருவார்கள். நான் 2002இல் ஏ9 பாதை திறந்த கையோடு போய் வெள்ளவத்தையில் இருந்தவள், போன வருடம்தான் அம்மாவைப் பார்க்கவென்று முரசுமோட்டைக்குத் திரும்பி வந்தேன். வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது வாடகை எவ்வளவு, எந்த ஒழுங்கை நல்லது என்பதைத்தான்.

சரி, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தனியாகப் போகிறீர்கள் என்றால் போடிங்தான் (ஒரு வீட்டில் வாடகை அறை) கட்டும். குடும்பமாக என்றால் அனெக்ஸ், அதாவது ஒரு வீட்டோடு ஒட்டிய தனிப்பகுதி பாருங்கள், பிளட்டுக்கு ஆசைப்பட வேண்டாம். ஆறு மாதமோ ஒரு வருடமோ முற்பணம் கேட்பார்கள், புரோக்கருக்குப் பெரும்பாலும் ஒரு மாத வாடகை போகும். காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம் காற்று நல்லது, ஆனால் வாடகையும் கூட, உப்புக் காற்றில் மின்விசிறியும் ஜன்னல் கம்பியும் துருப்பிடிக்கும், பக்கத்தில் ரயில் ஓடும். 100, 101 பஸ் இரண்டும் காலி வீதியால் போவதால் புறக்கோட்டைப் பக்கம் வேலை என்றால் போக்குவரத்துக்குக் கஷ்டமில்லை. இதெல்லாம் போய் ஒரு மாதத்தில் தானாக விளங்கிவிடும்.

யாரும் கேட்காத ஒன்று இருக்கிறது. அங்கே எப்படி இருக்கப் போகிறோம் என்பது. எங்கட ஆட்களில் பலர் கொழும்பில் இருபது வருடம் இருந்தாலும் பஸ் நிலையத்தில் நிற்கிறவர்கள் மாதிரித்தான் இருப்பார்கள். எந்த நேரமும் வெளிக்கிடலாம் என்ற நினைப்பு. நல்ல அலுமாரி வாங்கமாட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாது, பதிவு எல்லாம் இன்னமும் ஊர் விலாசத்தில் இருக்கும். இதுதான் அந்த ஊரில் எங்களை வருத்துகிறது, வாடகை அல்ல.

ஏன் அப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும். 1977, 1983 கலவரங்களில் அடிவாங்கி, உடுத்த துணியோடு வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் இங்கே எத்தனை இருக்கின்றன. அவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது கொழும்புக்கு வேலைக்கு வெளிக்கிட்டால் அம்மம்மா சாப்பிடாமல் இருக்கிறார். அவரைப் பிழை சொல்ல முடியுமா? நான் இருந்த காலத்திலும் பொலிஸ் பதிவு இருந்தது, வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்து, அந்தத் துண்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் திரிய வேண்டும். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியப்புறம் லொட்ஜுகளில் இருந்த தமிழர்களை எழுப்பி, பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். வைத்தியத்துக்கு வந்தவர்கள், வெளிநாட்டுக்குப் போகவென்று வந்து காத்திருந்தவர்கள், எல்லோரையும்தான். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடை உத்தரவு போட்டதால் நின்றது. எங்கள் ஒழுங்கை முனையில் இருந்த லொட்ஜின் வாசலில் ஒரு சோடிச் செருப்பு அன்று பகல் முழுக்கக் கிடந்தது. அதைக் கடந்து கடைக்குப் போய் வந்த யாரும் அதற்குப் பிறகு கொழும்பில் ஒரு சாமானை நம்பி வாங்கியிருக்கமாட்டார்கள்.

அந்தப் பயம் நியாயமானது. ஆனால் காலம் மாறிய பிறகும் பழக்கம் மாறவில்லை, அதில் நட்டப்படுவது பிள்ளைகள். விசுவமடுவிலிருந்து வந்து எங்கள் மேல்மாடியில் இருந்த ஒரு குடும்பம், வருடக்கணக்காக அதே ஒழுங்கைக்குள்தான். மூத்த பிள்ளைக்கு முதலாம் தரத்துக்கு விண்ணப்பம் போடப் போனபோதுதான் தெரிந்தது, வாக்காளர் இடாப்பில் அந்த விலாசத்தில் அவர்கள் பெயரே இல்லை. பாடசாலை அனுமதிக்கு அந்தப் பகுதியில் இருக்கிறோம் என்று காட்டும் கடதாசிகள்தான் புள்ளி தரும். வாடகைக்கு இருக்கிறவர்களின் பெயரைப் போட வீட்டுக்காரர் சிலர் விரும்பமாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் இவர்கள் கேட்கவே இல்லை. "ஊரில பதிவு இருக்குத்தானே அக்கா, இங்க எதுக்கு" என்றுதான் அந்தத் தாய் என்னிடம் சொன்னாள். கடைசியில் பிள்ளை வீட்டுக்குப் பக்கத்துப் பாடசாலையை விட்டு, தினமும் வானில் தூரம் போய்ப் படித்தது. ஆகவே போனவுடன் உங்கள் பகுதி ஜீ.எஸ். (கிராம சேவகர்) யார் என்று கண்டுபிடியுங்கள். முகம் காட்டுங்கள். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் எடுங்கள், வருடா வருடம் இடாப்பைத் திருத்தும் நேரத்தில் பெயரைப் போடச் சொல்லி வீட்டுக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

சிங்களமும் அப்படித்தான். வெள்ளவத்தையில் சிங்களம் இல்லாமலே காலம் தள்ளலாம். காய்கறி, தோசைக்கடை, நகைக்கடை, கோயில், எல்லாம் தமிழில் நடக்கும். அதில்தான் ஆபத்து இருக்கிறது. வன்னியிலிருந்து வைத்தியத்துக்கு வருகிற சொந்தங்களைக் கூட்டிக்கொண்டு திரிந்த காலத்தில் எனக்கு அது நன்றாக விளங்கியது. தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை வரும்வரை அந்த நோய்க்குப் பெரும்பாலும் எல்லோரும் மகரகம வைத்தியசாலைக்குத்தான் வந்தார்கள், இரவு பஸ்ஸில் வெளிக்கிட்டு விடிய நாலு, ஐந்து மணிக்கு வெள்ளவத்தையில் இறங்கி, எங்கள் வீட்டில் முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, ஓட்டோவில் கிருலப்பனைச் சந்திக்குப் போய் 138 பஸ் பிடிப்பார்கள். கொழும்பில் ஒரு வன்னிக்காரரின் வீடு என்றால் அது பாதி மடம்தான், அதை யாரும் குறையாக நினைக்க வேண்டாம்.

ஒருநாள் ஒரு கிளினிக்கில் மல்லாவிப் பக்கத்து ஐயா ஒருவர், எங்கள் ஆட்கள் இல்லை, வேறு யாரோ, கையில் துண்டோடு சுவர்க்கரையில் நின்றார். வேட்டி மடிப்புக்குள் முறிகண்டிக் கச்சான் பை. இரத்தம் எடுக்க முன் சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், அவருக்கு விளங்கவில்லை, ஆனால் விளங்கவில்லை என்று சொல்லவும் கூச்சம். காலையிலிருந்து கச்சானைக் கொறித்துக்கொண்டே வரிசையில் நின்றிருக்கிறார். நான் போய்த் தாதியிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நிலைமையைச் சொன்னேன். அந்தப் பிள்ளை எழுந்து வந்து ஐயாவின் தோளைப் பிடித்து வாங்கில் இருத்தி, நாளைக்கு வெறும் வயிற்றோடு முதலாவதாக வரச் சொல்லித் துண்டில் எழுதிக் கொடுத்தது. வாயைத் திறந்து கேட்கிறவருக்கு அந்த ஊர் மனிதர்கள் செய்வார்கள். இதை நான் ஆயிரம் இடத்தில் சொல்வேன், கேட்கிற அளவுக்காவது சிங்களம் வேண்டும்.

பிறகு அயல். எங்கள் பிளட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு, அதில் ஒரு சிங்கள அம்மா தனியாக இருந்தார். நாங்கள் ஆன்ட்டி என்போம். வருடக்கணக்காகத் தலையசைப்பு மட்டும்தான். ஒருமுறை மாங்குளத்திலிருந்து மாமா பாலைப்பழம் கொண்டுவந்தார், பை நிறைய. பாலைப்பழம் வைத்திருக்க முடியாது, அன்றன்றே தின்ன வேண்டும். ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொண்டுபோய்க் கதவைத் தட்டினேன். மனுசி கிண்ணத்தைப் பார்த்துவிட்டு அப்படியே படியில் குந்திவிட்டார். அவர் பிறந்தது அநுராதபுரப் பக்கம், நாச்சதூவ குளத்துக்குக் கிட்ட. அவருடைய அண்ணன்மார் காட்டுக்குள் போய்க் கொப்போடு முறித்துக்கொண்டு வருவார்களாம். பால் பட்டு உதடெல்லாம் ஒட்ட ஒட்ட, ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே குளத்து மீனையும் சேனைப் பயிரையும் யானை வந்ததையும் கதைத்தார். வயல், குளம், யானை என்றால் எனக்கும் கதைக்க இருக்கிறதே! அன்றைக்கு நாங்கள் இருவரும் மதியச் சமையலை மறந்துவிட்டோம்.

அந்தப் பழக்கம்தான் 2022இல் எங்களைக் காப்பாற்றியது. காஸ் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் வரிசை, மார்ச் கடைசியில் 13 மணி நேரம் மின்வெட்டு. பிளட்டில் மின்சாரம் போனால் லிஃப்ட் மட்டும் நிற்காது, மோட்டார் ஓடாமல் மேல்தாங்கிக்குத் தண்ணீரும் ஏறாது. கையில் சம்பளம் இருந்தும் ஒரு பானை சோறு வடிக்க வழியில்லாமல் படித்த மனிதர்கள் நின்றார்கள். ஆன்ட்டியின் வீட்டுக் கொல்லையில் கொஞ்ச மண் இருந்தது, கிணறும் இருந்தது. மூன்று கல் வைத்தோம். பன்னாடையில் பற்றவைத்து, பொச்சுமட்டை அடுக்கி, காற்றுக்கு எந்தப் பக்கம் வாய் விடுவது என்று பார்த்து அடுப்பு மூட்டுவது வன்னியில் யாருக்குத் தெரியாது? பதுங்கு குழிக்குப் பக்கத்தில் வைத்துச் சமைத்தவர்கள் நாங்கள். மாடியிலிருந்து ஒவ்வொருவராக அரிசியும் பருப்புமாக இறங்கி வந்தார்கள். ஒரே லிஃப்டில் ஏறி இறங்கி ஒரு சொல் கதைக்காதவர்கள், ஈர விறகுப் புகைக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு தேங்காய் துருவினார்கள்.

நகரத்தின் நல்ல பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் அநியாயம். தனியாக இருக்கிற பெண்ணுக்கு, குறிப்பாகப் புருசனைப் பறிகொடுத்த பெண்ணுக்கு, ஊர் தருகிற கேள்விகளைக் கொழும்பு தராது. எத்தனை மணிக்கு வந்தாய், யாரோடு வந்தாய், ஏன் பொட்டு வைத்தாய் என்று அங்கே ஒருவரும் கேட்கமாட்டார்கள். எனக்குத் தெரிந்த வன்னிப் பெண்கள் சிலர் அந்தக் கேள்வி இல்லாத காற்றுக்காகவே அங்கே இருக்கிறார்கள், அது அவர்களின் உரிமை. ஆனால் கேள்வி கேட்க ஆள் இல்லாத இடத்தில் செத்தவீட்டுக்கும் ஆள் இல்லை. ஊரில் பறைச்சத்தம் கேட்டதும் பந்தல்காரரும் பாடை கட்டுகிறவரும் சொல்லாமல் வருவார்கள். அங்கே பொரளையில் ஒரு மலர்ச்சாலையில், அதாவது இறுதிச்சடங்கு நடத்தும் இடத்தில், உடலை வைத்துவிட்டு, இரவில் கதவைப் பூட்டி, இறந்தவரின் வீட்டாரைப் போய்ப் படுக்கச் சொல்வார்கள். அப்படி ஒரு செத்தவீட்டில் இரண்டு பேர் மட்டும் நின்றதை நான் கண்டிருக்கிறேன். கனத்தை மயானத்துக்கு அந்தப் பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவர் சந்தியில் ஓட்டோ ஓடுகிறவர், இறந்தவர் தினமும் அவரோடு நின்று கதைப்பாராம்.

2013 செப்டெம்பரில் கிளிநொச்சிவரை ரயில் வந்த பிறகு போய்வருவது பெரிய விஷயம் இல்லை. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்துவிட்டுத் திரும்பலாம். ஆகவே ஊரை விட்டுப் போகிறோம் என்று அழுதுகொண்டு போகாதீர்கள், போன இடத்திலும் ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு இருக்காதீர்கள்.

எனக்குத் தெரிந்தது வெள்ளவத்தை மட்டும்தான். கொட்டாஞ்சேனை, வத்தளைப் பக்கம் இருந்தவர்கள் அங்கத்தைய நிலைமையை எழுதுங்கள். முக்கியமாக வாடகை வீட்டில் இருந்துகொண்டு வாக்காளர் இடாப்பில் பெயர் போட்டவர்கள் வீட்டுக்காரரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று சொன்னால், அடுத்த மாதம் போக இருக்கிற இரண்டு குடும்பங்களுக்கு உடனே உதவும்.