ஆறு ஏறினால் வடிகால் வழியே தெருவுக்குத் தண்ணீர் திரும்புகிறது: குழாயைப் பெரிதாக்கலாமா?

கேள்வி:
கரைக்கு உள்பக்கம் 20 ஹெக்டேர் தாழ்வான குடியிருப்பு. மழைநீர் முழுவதும் 600 மி.மீ. குழாய் வழியே கரைக்கு அடியில் போய் ஆற்றில் விழுகிறது. கடைசியில் ஃபிளாப் கேட் (தண்ணீரை வெளியே மட்டும் விடும் கீல் கதவு) உண்டு. இருந்தும் ஆற்றில் வெள்ளம் வந்தால், மழையே இல்லாத நாளிலும் மேன்ஹோல் பொங்குகிறது. 900 மி.மீ. குழாய் போட்டால் தீருமா?

பதில் 1:
தீராது. ஆற்று மட்டம் தெருவைவிட உயர்ந்தபின் எந்தக் குழாயிலும் தண்ணீர் தானாக வடியாது. கேட் சரியாக மூடாவிட்டால் பெரிய குழாய் இன்னும் அதிகமாக உள்ளே கொண்டுவரும். மழையில்லாமலே பொங்குவதால் முதல் சந்தேகம் கேட்மீதுதான். ஆறு வற்றியிருக்கும்போது கீலில் துரு, விளிம்பில் சிக்கிய குச்சி, முன்னால் படிந்த வண்டல் மூன்றையும் பாருங்கள். கேட் வந்து உட்காரும் சட்டத்தைத் துடைத்துக் காயவைத்து, அதன் விளிம்பு முழுக்க சாக்பீஸ் தடவி, கேட்டை அழுத்தி மூடித் திறங்கள். கேட்டின் ரப்பரில் தூள் ஒட்டாத இடம்தான் ஒழுகும் இடம். கரையின் உள்பக்கம் திருகு ஷட்டர் (திருகி இறக்கிக் குழாயை அடைக்கும் பலகை) ஒன்றும் கட்டாயம் வேண்டும். கேட்டில் ஒரு கிளை சிக்கினால் ஷட்டர்தான் காப்பாற்றும்.

குழாயையும் தூர்வாருங்கள். 600-இல் 150 மி.மீ. வண்டல் நின்றாலே குறுக்குவெட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

பதில் 2:
கேட் மூடியிருக்கும்போது உள்ளே பெய்யும் மழைக்கும் வழி வேண்டுமே. ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மழை என்பது 10 கன மீட்டர். 20 ஹெக்டேரில் 50 மி.மீ. பெய்து, அதில் 60 சதவீதம் ஓடிவந்தால் 6,000 கன மீட்டர். குளம், பள்ளம் எல்லாம் சேர்ந்து 2,000 பிடித்தால் மீதி 4,000. நாலு மணி நேரத்தில் இறைக்க விநாடிக்கு சுமார் 280 லிட்டர் பம்ப் தேவை. ஒரே பெரிய பம்புக்குப் பதில் 140 லிட்டரில் மூன்று வாங்குங்கள், ஒன்று உபரி. கரண்ட் போகும் நேரமும் அதுவேதான், டீசல் ஜெனரேட்டர் இல்லாமல் பயனில்லை.

கேள்வி கேட்டவர்:
பம்ப் குழாயைக் கரைக்குள் பதிக்கலாமா?

பதில் 2:
வேண்டாம், கரை உச்சிக்கு மேலே கொண்டுபோங்கள். உச்சியில் காற்று வால்வு இல்லாவிட்டால், பம்ப் நின்றதும் ஆற்று நீரைக் குழாயே உறிஞ்சி இழுத்து (சைஃபன்) உள்ளே திருப்பிவிடும்.

பதில் 3:
கேட் நன்றாக இருந்தும் தண்ணீர் வந்தால், பழைய குழாயின் வெளிப்புறத்தை ஒட்டி மண்ணுக்குள் கசிந்துகொண்டிருக்கலாம். இது கரையையே உடைக்கக்கூடியது. வெள்ள நேரத்தில் கரையின் உள் அடியில் ஊற்றுக்கண் தெரிகிறதா பாருங்கள். தெளிந்த நீர் என்றால் கண்காணிப்பு போதும். மணலோ கலங்கலோ வந்தால் கரை உள்ளே அரிக்கிறது. அடைக்காதீர்கள், வேறிடத்தில் பீறிடும். மணல் மூட்டையால் சுற்றி வளையம் கட்டி, உள்ளே நீர் மட்டத்தை ஏற்றுங்கள். வருகிற நீர் தெளியும் உயரம் வரை போதும். உடனே நீர்வளத் துறைக்குச் சொல்லுங்கள்.