அனுபவப் பகிர்வு: காட்டுக் காற்றில் மிதக்கும் துகள்கள்

எண்ணூர் உறுப்பினர்:

காற்றில் கலந்திருக்கும் துகள் என்றால் எங்கள் பகுதியில் அனல்மின் நிலையச் சாம்பலும் கன்டெய்னர் லாரிப் புகையும்தான். அதனால் சித்திரை வெயிலில் ஊட்டி மலைச்சரிவுகளின் மேல் நீல நிற மூட்டத்தைக் கண்டதும், எங்கோ காடு எரிகிறது என்றே உடன் வந்தவர்கள் கூறினார்கள். ஆனால் புகை வாடை சிறிதும் இல்லை. தைல மர வாசனை மட்டுமே இருந்தது.

காடுகளின் மேல் தோன்றும் இத்தகைய நீல மூட்டத்தை மரங்கள் வெளியிடும் டெர்பீன் என்ற வாசனைக் கரிம ஆவிகளோடு தொடர்புபடுத்தி, ஃபிரிட்ஸ் வென்ட் என்ற தாவரவியலாளர் 1960இல் எழுதினார். இலையிலிருந்து கிளம்புவது ஆவிதான். அது காற்றிலுள்ள ஓசோனுடனும், ஹைட்ராக்சில் என்ற எளிதில் வினைபுரியும் துணுக்குடனும் வினைபுரிந்து, ஆவியாகும் இயல்பு குறைந்து, திரண்டு, ஒரு மைக்ரோமீட்டருக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய கரிமத் துகளாகிறது. அவ்வளவு நுண்ணிய துகள்கள் நீல ஒளியையே அதிகமாகச் சிதறடிக்கின்றன. ஆகவே மூக்கு உணர்வது ஆவியை. கண் காண்பது துகளை.

மார்கழியில் அதே சரிவுகள் பளிச்சென்று தெரிந்தன. பனிக்காலத்தில் காற்றோட்டமும் ஈரப்பதமும் மாறுவதால் முழுக் காரணத்தையும் மரத்தின் மீதே ஏற்றிவிட முடியாது. எனினும் வெயிலும் வெப்பமும் ஏறும்போது இலைகள் வெளியிடும் ஐசோப்ரீன் என்ற இன்னொரு கரிம ஆவி கூடுவதும், இருட்டில் அது நின்றுவிடுவதும் உறுதியான செய்திகள். பைன் போன்ற ஊசியிலை மரங்கள் டெர்பீனைப் பிசினில் சேமித்து வைத்திருப்பதால், அவற்றிலிருந்து இரவிலும் ஆவி வெளிவருகிறது.

மீஞ்சூர் உறுப்பினர்:

பழவேற்காடு செல்லும் வழியிலுள்ள சவுக்குத் தோப்புகள் பூக்கும் காலத்தில், நிறுத்தி வைத்த வண்டியின் இருக்கை மீது மஞ்சள் தூள் படிந்திருக்கும். மேலே உள்ளவர் கூறிய நுண்துகள் அன்று இது. மரமே நேரடியாகக் காற்றில் விடும் மகரந்தம். பொதுவாக 10 முதல் 100 மைக்ரோமீட்டர் வரை அளவுள்ளது. பெரிது என்பதால் விரைவில் கீழே படிந்துவிடும். ஆயினும் சவுக்கு, சீமைக் கருவேலம் ஆகியவற்றின் மகரந்தம் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியது. என் அண்ணிக்கு அப்போதெல்லாம் தும்மல் நிற்பதில்லை.

மணலி உறுப்பினர்:

மழைக்காலத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மகரந்தம் அடங்கினாலும் ஈரத்தில் பூஞ்சை வித்துகள் பெருகுகின்றன. அமேசான் காட்டில் மழைக்காலத்து நுண்துகள்களில் பெரும்பகுதி தாவர ஆவியிலிருந்து உருவானதே. வறண்ட பருவத்தில் காடு எரிக்கும் புகை அதை மூழ்கடித்துவிடுகிறது. எங்கள் ஊரில் கதை வேறு. இலை விடும் ஐசோப்ரீன், வாகனங்களும் ஆலைகளும் உமிழும் நைட்ரஜன் ஆக்சைடுகளுடன் வெயிலில் சேர்ந்து, மூச்சுக்குக் கேடான தரைமட்ட ஓசோனை உருவாக்குகிறது. இதைக் காட்டி மரம் நடுவதைக் குறை கூறுவோர் சிலரைச் சந்தித்திருக்கிறேன். நைட்ரஜன் ஆக்சைடு குறைவாக உள்ள காட்டில் அதே ஐசோப்ரீன் அந்த அளவுக்கு ஓசோனை உண்டாக்குவதில்லை என்பதை அவர்கள் சொல்வதே இல்லை.