பழைய காண்டினென்டல் ஜிடி: 41,000 கி.மீ. ஓடியதை வாங்கவா, 1,34,000 ஓடியதை வாங்கவா?

நீள்சாலை (கேள்வி)

வணக்கம். தூரப் பயணத்துக்கென்றே ஒரு வண்டி வாங்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. பந்தயக் கார் மாதிரி இடுப்பை உடைக்கும் வண்டி வேண்டாம். காலையில் ஏறி சாயங்காலம் வரை ஓட்டினாலும் அலுப்பில்லாமல் இறங்க வேண்டும், முந்த வேண்டிய இடத்தில் யோசிக்காமல் முந்த வேண்டும். எல்லாம் பார்த்துவிட்டு பென்ட்லி காண்டினென்டல் ஜிடியில் மனது நின்றுவிட்டது. முதல் தலைமுறை, 6 லிட்டர் டபிள்யூ12 (பன்னிரண்டு சிலிண்டர்) இன்ஜின்.

இரண்டு வண்டிகள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2005 மாடல், 41,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது. பெயின்ட், தோல் இருக்கை எல்லாம் புத்தம் புதிதாக இருக்கின்றன. ஆனால் கடைசி சில வருடங்கள் பெரும்பாலும் மூடிய ஷெட்டில் நின்றிருக்கிறது. சர்வீஸ் புத்தகத்தில் ஆரம்ப வருடங்களின் முத்திரை மட்டும் உண்டு.

இன்னொன்று 2007 மாடல், 1,34,000 கி.மீ. ஓட்டுநர் இருக்கையின் ஓரம் தேய்ந்திருக்கிறது, முன்பக்கம் முழுக்கக் கல் பட்ட புள்ளிகள். ஆனால் உரிமையாளர் ஒரு தடித்த கோப்பு வைத்திருக்கிறார். வருடவாரியாக பில்கள். விலையும் முதலாவதைவிடக் குறைவு.

எதை எடுக்கலாம்? நேரில் போகும்போது எதைப் பார்க்க வேண்டும்? பராமரிப்புக்கு வருடம் எவ்வளவு ஒதுக்க வேண்டும்? ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் மாற்றுவது வரை நானே செய்வேன். அதற்கு மேல் கை வைத்ததில்லை.

பன்னிரண்டு சிலிண்டர்

நண்பரே, இதே இன்ஜின் உள்ள வண்டியைப் பல வருடங்களாக வைத்திருக்கிறேன். தூரப் பயணத்துக்கு இதைவிட நிம்மதியான வண்டி எனக்கு அமையவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மீட்டரில் இருக்கும் எண்ணை முதலில் ஒதுக்கி வையுங்கள். இரண்டு பேரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: "இன்ஜினைக் கீழே இறக்கி வேலை பார்த்தது எப்போது? அப்போது என்னென்ன மாற்றினீர்கள்?" இந்தக் கேள்விக்கு பில்லோடு பதில் சொல்பவரிடம்தான் வாங்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். இந்த இன்ஜினில் 15 டிகிரி கோணத்தில் நெருக்கிப் பிணைத்த ஆறு சிலிண்டர்கள் ஒரு பக்கம், அதே போல ஆறு மறுபக்கம். இந்த இரண்டையும் 72 டிகிரி இடைவெளியில், பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் ஒரே கிராங்க்‌ஷாஃப்டில் சேர்த்திருக்கிறார்கள். அதனால்தான் பன்னிரண்டு சிலிண்டர் இருந்தும் இன்ஜின் இவ்வளவு குட்டையாக இருக்கிறது, நான்கு சக்கரங்களுக்கும் சக்தி அனுப்பும் அமைப்போடு சேர்ந்து மூக்குக்குள் அடங்குகிறது. 2003-இல் வந்தபோது 560 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 1,600 சுற்றிலேயே 650 நியூட்டன் மீட்டர் இழுவை. 2.3 டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி மேட்டில் கூட கியர் குறைக்காமல் ஏறுவது அந்த இழுவையால்தான். ஓட்டிப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

அந்த நெருக்கத்தின் விலையை பானெட்டைத் திறந்தால் பார்க்கலாம். கை நுழைய இடமில்லை. பக்கத்துக்கு ஒரு டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி), அதன் சூடு போக வழி குறைவு. அதைச் சுற்றி ஓடும் வேக்குவம் (காற்றை உறிஞ்சும்) குழாய்கள், கூலன்ட் (குளிர்விக்கும் நீர்) குழாய்கள் எல்லாம் வருடக்கணக்கில் அந்தச் சூட்டில் வெந்து இறுகி வெடிக்கும். குழாயின் விலை சின்னதுதான். ஆனால் பல இடங்களை எட்ட வேண்டுமென்றால் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துக் கீழே இறக்க வேண்டும். கூலி அங்கேதான் ஏறுகிறது.

இது பென்ட்லிக்கு மட்டும் உள்ள குணமில்லை. இந்த ரக வண்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய வேலை உண்டு. பிஎம்டபிள்யூ எம்6-இன் வி10 இன்ஜினுக்குக் கனெக்டிங் ராட் பேரிங். ஆஸ்டன் மார்ட்டின் டிபி9-இல் ஸ்பார்க் பிளக், காயில் மாற்றவே இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டும். போர்ஷே 928-க்கு டைமிங் பெல்ட். எந்த வண்டியை வாங்கினாலும் அந்த வேலை முடிந்துவிட்டதா, இனிமேல்தான் வரப்போகிறதா என்பதை வைத்தே விலை பேச வேண்டும். தூரப் பயணத்துக்கென்றே செய்த பழைய ஜிடி (கிராண்ட் டூரர்) வண்டிகளைப் பொறுத்தவரை நான் இதை முழுசாக நம்புகிறேன்.

இப்போது உங்கள் இரண்டு வண்டிகளுக்கு வருவோம். ரப்பருக்கு மீட்டர் தெரியாது, வருடம்தான் தெரியும். 2005 வண்டியில் குழாய்கள், ஏர் ஸ்பிரிங்குகள் (வண்டியைத் தாங்கும் காற்றுப் பைகள்), புஷ்கள், சீல்கள் எல்லாம் வண்டியோடு வந்தவையாகத்தான் இருக்கும். நின்ற வண்டியில் பேட்டரியும் டயரும் போயிருக்கும், பிரேக் காலிப்பர் இறுகியிருக்கலாம். அதாவது பெரிய வேலை முழுசாக உங்கள் தலையில்தான் விழும், அதற்கு மேல் விலையும் அதிகம் கேட்கிறார்கள்.

2007 வண்டியின் கோப்பில் இன்ஜின் இறக்கிய பில் இருந்தால் அதன் பக்கமே என் ஓட்டு. ஆனால் அந்த பில்லை வரி வரியாகப் படியுங்கள். இன்ஜின் கீழே இருக்கும்போது கைக்கு எட்டுகிற எல்லா வேக்குவம் குழாயும் கூலன்ட் குழாயும், இன்ஜின் மவுன்ட்டுகளும், கிராங்க்கேஸ் காற்றோட்ட வால்வுகளும் சேர்த்தே மாறியிருக்க வேண்டும். ஒழுகிய ஒரே ஒரு குழாய் மட்டும் மாறியிருந்தால் பக்கத்துக் குழாய்க்காக மறுபடி இறக்க வேண்டி வரும். அப்படிப்பட்ட பில் உள்ள வண்டியை, இன்ஜினே இறக்காத வண்டியின் கணக்கில்தான் நான் சேர்ப்பேன்.

ஸ்பேனர்

நான் மெக்கானிக். இந்தக் குடும்பத்து வண்டிகளில் நிறைய வேலை பார்த்திருக்கிறேன். மேலே சொன்னது சரி. நேரில் பார்ப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

காலையில் போங்கள். முந்தின நாள் சாயங்காலம் நிறுத்திய வண்டியை நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். போனதும் நான்கு சக்கர வளைவுகளின் உயரத்தையும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த ஏர் ஸ்பிரிங் கசிகிறது. ஸ்டார்ட் செய்ததும் ஸ்பிரிங்குகளுக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரசர் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கவனியுங்கள். கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடி ஓடிக் கடைசியில் கம்ப்ரசரும் எரிந்துபோகும். அதனால் கசிவைச் சரிசெய்யாமல் கம்ப்ரசர் மட்டும் மாற்றிய வண்டியில் அந்தப் புதுக் கம்ப்ரசருக்கும் ஆயுசு குறைவு.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் போடும்போது பிழைக் குறியீடு இல்லை என்றதும் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். வண்டி தானே செய்துகொள்ளும் சுய பரிசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்று அதே ஸ்கேனரில் பாருங்கள். பல பரிசோதனைகள் "முடியவில்லை" என்று காட்டினால் யாரோ சமீபத்தில் குறியீடுகளை அழித்திருக்கிறார்கள், இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். அப்படியானால் ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். வேக்குவம் கசிவு சந்தேகம் இருந்தால் புகை விட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள், ஓட்டை எங்கே என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

இந்த வண்டியில் டிக்கியில் இரண்டு பேட்டரிகள். ஒன்று ஸ்டார்ட் செய்ய, ஒன்று மற்ற மின்சாதனங்களுக்கு. இரண்டாவது பலவீனமானால் சம்பந்தமே இல்லாத பத்து இடங்களில் எச்சரிக்கை வரும். முதலில் இரண்டையும் சோதித்துவிட்டு அப்புறம் மற்றதைப் பேசுங்கள்.

அப்புறம், வைப்பர் அடியில் உள்ள தண்ணீர் வடிகால் துளைகள். இலை, மண் சேர்ந்து அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கும். தரை விரிப்புக்குக் கீழே மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் இருக்கின்றன. முன் விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, அடியில் உள்ள பஞ்சைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரமோ, ஊறிய வாடையோ இருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

இரவுப் பயணி

எல்லோரும் டபிள்யூ12 என்கிறீர்கள், நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன். இரண்டாம் தலைமுறையில் 2012-இல் வந்த 4 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜினைப் பாருங்கள். 507 குதிரைத்திறன், இழுவை 660 நியூட்டன் மீட்டர். பழைய டபிள்யூ12-ஐவிட இழுவை கொஞ்சம் கூடுதல்தான். எட்டு கியர், நிதானமாகப் போகும்போது நான்கு சிலிண்டர் மட்டும் ஓடும். மூக்கு இலகுவாக இருப்பதால் வளைவில் திரும்புவதும் நன்றாக இருக்கும். கொஞ்ச நாள் காத்திருந்து பணம் சேர்த்து இதை எடுப்பது புத்திசாலித்தனம்.

பன்னிரண்டு சிலிண்டர்

இரவுப் பயணி சொல்வதில் நியாயம் இருக்கிறது. வி8 நல்ல இன்ஜின், சத்தமும் அதற்கே உரியது. ஆனால் அதற்கும் அதன் பெரிய வேலை உண்டு. டர்போக்கள் இரண்டும் சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே, சூட்டின் உச்சியில் உட்கார்ந்திருக்கின்றன. அதே குடும்பத்து 4 லிட்டர் இன்ஜின் உள்ள ஆடி வண்டிகளில் டர்போவுக்கு ஆயில் போகும் வழியில் உள்ள சின்ன வலை கசடால் அடைபட்டு, அதற்காகத் திரும்ப அழைப்பே வந்தது. வி8 பார்க்கப் போனால் அந்த வலையின் நிலையையும், ஆயில் எத்தனை கி.மீ.க்கு ஒரு முறை மாறியது என்பதையும் கேளுங்கள். கேள்வி அதே கேள்விதான், உறுப்புதான் வேறு.

நீள்சாலை

எல்லோருக்கும் நன்றி. 2007 வண்டியின் உரிமையாளரிடம் போனில் கேட்டேன். இன்ஜின் இறக்கியது 1,10,000 கி.மீ.யில் என்கிறார், பில் இருக்கிறதாம். வரும் வாரம் போகிறேன். செலவுக் கணக்கு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. வாங்கும் விலையில் இத்தனை சதவீதம் என்று ஏதாவது வழி உண்டா? கியர்பாக்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே?

பன்னிரண்டு சிலிண்டர்

வாங்கும் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வண்டியின் விலைதான் இறங்கியிருக்கிறது, உதிரிபாகமும் கூலியும் இறங்கவில்லை. புதிதாக விற்றபோது அது எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசையில்தான் இன்றும் பில் வரும். உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அந்தக் கோப்பு. கடைசி ஐந்து வருட பில்களைக் கூட்டி ஐந்தால் வகுத்துப் பாருங்கள். அந்த வண்டியின் உண்மையான வருடச் செலவு அதுதான். அதற்கு மேல் ஒரு முறை இன்ஜின் இறக்கும் செலவைத் தனியாகக் கையில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். தேவைப்படாமல் போனால் நல்லது. அந்தத் தொகை கையில் இல்லாதவர்கள் இந்த ரக வண்டியை வாங்கிப் பாதி வேலையோடு நிறுத்திவிடுகிறார்கள். நல்ல வண்டிகள் பல வீணாய்ப் போவதைப் பார்த்திருக்கிறேன், மனதுக்குக் கஷ்டமாக இருக்கும்.

கியர்பாக்ஸ் ஆறு கியர் கொண்ட இசட்எஃப் ஆட்டோமேட்டிக். பலமான பெட்டி. "இந்த ஆயிலை ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்" என்று எனக்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். ஆனால் அதைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. ஃபில்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும். 1,34,000-இல் ஒரு முறையாவது மாறியிருக்க வேண்டும். கோப்பில் இல்லையென்றால் வாங்கியதும் முதல் வேலை அது.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, அதனால் நான்கும் ஒரே தயாரிப்பாக, ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரத்தில் செய்தது. 300 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடிய, இவ்வளவு எடையுள்ள வண்டி இது. டயரில் மிச்சம் பிடிக்கிற பேச்சே வேண்டாம். பிரேக்கும் அப்படித்தான். முன் டிஸ்க்கின் விட்டம் 405 மில்லிமீட்டர். பேட் மாற்ற உங்களுக்குத் தெரியும் என்பதால் கூலி மிச்சம், ஆனால் டிஸ்க்கின் கனத்தை அளந்துவிட்டே விலை பேசுங்கள்.

வாங்கிய பிறகு வண்டியை ஓட்டுங்கள். வாரம் ஒரு முறையாவது ஆயில் முழுசாகச் சூடாகும் தூரம் போக வேண்டும். ஆயில் சூடாகும் வரை ஆக்ஸிலரேட்டரை மெதுவாக மிதியுங்கள், வேகமாக ஓட்டி முடித்தால் கடைசிக் கொஞ்ச தூரம் நிதானமாக வந்து நிறுத்துங்கள். நிற்கும் நாட்களில் பேட்டரி சார்ஜரை மாட்டி வையுங்கள். மாதம் ஒரு முறை அந்த வடிகால் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள்.

ஸ்பேனர்

கோப்பில் உள்ள இன்ஜின் வேலை பில்லைப் படம் எடுத்து, பெயர், முகவரியை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள். பாக எண்களைப் பார்த்து எந்தக் குழாய் மாறியது, எது விட்டுப்போனது என்று சொல்கிறேன். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் போடுங்கள்.