கிரெட்ஸ்கி பயிற்சியாளராகத் தேறினாரா, இல்லையா?

பனிவீரன்:
ஐஸ் ஹாக்கியில் வேய்ன் கிரெட்ஸ்கி பெயரைச் சொன்னாலே எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். 894 கோல், 2,857 புள்ளி (கோலும், கோலுக்கு உதவியதும் சேர்த்து), எட்மன்டன் ஆயிலர்ஸுடன் நான்கு ஸ்டான்லி கோப்பை, அதாவது வட அமெரிக்காவின் என்ஹெச்எல் லீக் சாம்பியன் கோப்பை. அதில் எனக்கும் சண்டையில்லை. ஆனால் 2005 முதல் 2009 வரை பீனிக்ஸ் கயோட்டீஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தாரே, அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நான்கு சீசனில் 143 வெற்றி, 161 தோல்வி, ஓவர்டைமிலும் ஷூட்அவுட்டிலும் பறிகொடுத்தவை 24. ஒருமுறைகூட பிளேஆஃப் (கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகள்) கிடையாது. அவர் விலகிய அடுத்த சீசனிலேயே டேவ் டிப்பெட் வந்து அதே அணியை 50 வெற்றி, 107 புள்ளிக்குக் கொண்டுபோனார் (அணிக்கு வெற்றிக்கு இரண்டு புள்ளி, ஓவர்டைம் அல்லது ஷூட்அவுட் தோல்விக்கு ஒன்று). சிறந்த பயிற்சியாளருக்கான ஜாக் ஆடம்ஸ் விருதும் அவருக்கே. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மேப்பிள் மாறன்:
"அதே அணி" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே! 2008-09 தொடக்கத்தில் கிரெட்ஸ்கி கையில் இருந்த பையன்களைப் பாருங்கள். போட்கருக்கு 18 வயது, டரிஸுக்கு 19, முல்லருக்கும் டிகனோவுக்கும் 20. சீசன் முடியும் முன்பே, மார்ச் மாதம், ஓலி யோகினனைக் கால்கரிக்கு அனுப்பிவிட்டார்கள். டிப்பெட் வந்தபோது டரிஸ் அந்தச் சீசன் முழுக்க சான் அன்டோனியோவில், கீழ்நிலை லீகில் ஆடினார். டிகனோவ் ரஷ்யாவுக்குப் போனார். பதிலுக்கு வந்தவர்கள் ராபர்ட் லாங், வர்பாட்டா, அக்காயின், ஃபிட்லர். எல்லாம் அடிபட்டுத் தேறிய ஆட்கள். கோலி (கோல் காப்பாளர்) பிரிஸ்காலோவ் வேறு அந்த ஆண்டு 42 வெற்றி, ஒரு கோலும் விடாத 8 ஆட்டம் என்று மதில்போல நின்றார். பெயர்ப்பலகை ஒன்றுதான், கடை வேறு.

அப்புறம் இன்னொன்று. 2009 மே மாதம் உரிமையாளர் திவால் மனு போட்டார். அணியைக் கனடாவின் ஹாமில்டனுக்குத் தூக்கிக்கொண்டு போக ஒரு கோடீஸ்வரர் காத்திருந்தார். அப்படிப்பட்ட இடத்தில் யார் வந்து என்ன செய்ய முடியும்?

தேவகி:
மாறன், திவால் மனு வந்தபோது கிரெட்ஸ்கியின் கடைசி சீசன் முடிந்தே போயிருந்தது. அந்தக் குழப்பம் முழுவதையும் தலையில் சுமந்தவர் டிப்பெட்தான். 2009-10ல் அணிக்கு ஒழுங்கான உரிமையாளரே இல்லை. என்ஹெச்எல் லீகே வாங்கி நடத்தியது. அந்த நிலையில் 107 புள்ளி! திவாலைக் காரணம் காட்டுவதென்றால் டிப்பெட்டுக்கு இன்னொரு விருது கொடுங்கள்.

பையன்கள் விஷயத்துக்கும் வருகிறேன். 18 வயதுப் பையனை வாரத்துக்கு மூன்று ஆட்டம் இறக்கியது யார்? யார் பனியில் கால் வைக்க வேண்டும் என்று முடிவெடுப்பதுதானே பயிற்சியாளர் வேலை. அதிலும் இவர் வெறும் சம்பளக்காரர் இல்லை, அணியில் பங்கு வைத்திருந்தவர். முதல் இரண்டு சீசனில் பொது மேலாளராக இருந்த மைக் பார்னெட் இவருடைய பழைய ஏஜென்ட். கோலிகளுக்குப் பயிற்சி கொடுத்த கிராண்ட் ஃபியூர் எட்மன்டன் கூட்டாளி. கை கட்டப்பட்டிருந்தது என்று சொல்வதற்கு இடமே இல்லை.

ரிங்க்சைட் ரவி:
நான் கொஞ்சம் பெஞ்சுக்குப் பின்னால் நின்று பேசுகிறேன். சேர்ந்து இறங்கும் ஆட்டக்காரர்கள் கொண்ட ஒரு வரிசை பனியில் இருப்பது முக்கால் நிமிடம், அவ்வளவுதான். அதற்குள் எதிரணி யாரை இறக்குகிறது என்று பார்த்து நம் ஆளை மாற்ற வேண்டும். சொந்த மைதானத்தில் கடைசியாக மாற்றும் உரிமை நமக்கு, வெளியூரில் அவர்களுக்கு. ஒரு இரவில் இது ஓயாமல் நடக்கும். டிப்பெட் ஆடிய காலத்தில் ஹார்ட்ஃபோர்டில், தன் அணி ஆள் குறைந்து ஆடும் பெனால்டி நேரத்தைச் சமாளிக்கிற ஆள். எதிரணி என்ன செய்யும் என்று யோசித்தே பிழைத்தவர். பிறகு ஹூஸ்டனில் கீழ்நிலை அணி, லாஸ் ஏஞ்சலஸில் உதவிப் பயிற்சியாளர், 2002 முதல் டல்லாஸில் தலைமை என்று படிப்படியாக வந்தார். கிரெட்ஸ்கி அதற்கு முன் ஒரு அணிக்கும் பயிற்சி கொடுத்ததில்லை. எடுத்த எடுப்பில் என்ஹெச்எல்! கோல் வலைக்குப் பின்னால் நின்றுகொண்டு மற்றவர்களுக்குத் தெரியாத வழியைப் பார்த்தவர் அவர். அந்தக் கண்ணை 19 வயதுப் பையனுக்கு எப்படிக் கடன் கொடுப்பது?

ராட் பிரிண்டமோரைப் பாருங்கள். 2006ல் கரோலினா கோப்பை வென்றபோது கேப்டன். ஓய்வுக்குப் பிறகு ஏழு சீசன் உதவியாளராக இருந்துவிட்டுத்தான் 2018ல் தலைமைக்கு வந்தார். ஒன்பது சீசனாகப் பிளேஆஃப் பார்க்காத அணி முதல் வருடமே உள்ளே போனது. தொழில் கற்றவன் தேறுவான்.

மேப்பிள் மாறன்:
ரவி அண்ணே, உங்கள் கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது. முன்னாள் நட்சத்திரக் கோலி பேட்ரிக் ராய், இளையோர் அணியான கியூபெக் ரெம்பார்ட்ஸில் எட்டு சீசன் பயிற்சி கொடுத்துவிட்டுத்தான் கொலராடோவுக்கு வந்தார். 2014ல் ஜாக் ஆடம்ஸ். அடுத்த இரண்டு சீசனும் பிளேஆஃப் இல்லை, 2016 ஆகஸ்டில் தானே விலகினார். மாறாக, இன்னொரு முன்னாள் நட்சத்திரம் மார்ட்டின் செயின்ட் லூயி சிறுவர் அணிகளைத் தவிர வேறு எதையும் நடத்தியதில்லை. 2022 பிப்ரவரியில் மான்ட்ரியல் அவரைக் கூப்பிட்டது. அடுத்த இரண்டு சீசனும் அணி அடிமட்டத்தில் கிடந்தது. யாரும் அவரைத் துரத்தவில்லை. 2024-25ல் பிளேஆஃப். பொறுமைதான் வித்தியாசம்.

பனிவீரன்:
நான்கு சீசன் கொடுத்தார்களே, அது பொறுமை இல்லையா? புள்ளிகள் 81, 67, 83, 79. ஏறுமுகம் எங்கே?

மேப்பிள் மாறன்:
67லிருந்து 83 ஏறுமுகம் இல்லையா! சரி, டிப்பெட் பையன்களைச் சரியாக வளர்த்தார் என்கிற மாதிரிப் பேசுகிறீர்களே, டரிஸ் என்ன ஆனார்? ஒப்பந்தத் தகராறு வரை போய், 2011 டிசம்பரில் ஒட்டாவாவுக்கு மாற்றப்பட்டார். அங்கே 2014-15ல் 64 புள்ளி எடுத்தார். கையில் இருந்த சரக்கை டிப்பெட்டும்தான் நழுவவிட்டார்.

தேவகி:
டரிஸ் போன அதே சீசனில்தான் பீனிக்ஸ் மேற்கு மாநாட்டு இறுதி (கோப்பை இறுதிக்கு முந்தைய சுற்று) வரைக்கும் போனது, மாறன்.