‘ஆச்சி வீடு’ குழுவில் ஒரு சாம்பல் கட்டம்

செல்வி, காலை 6:12
எல்லாருக்கும் வணக்கம். வள்ளியூர் வீட்டுப் பால்காய்ப்பு தை கடைசி ஞாயிறு, காலை 4:30க்கு மேல் 6 மணிக்குள். வெள்ளிக்கிழமை மாலையே வந்துவிட வேண்டும். வாசல் கோலம் நித்யாதான். சம்பந்தி வீடு வரைக்கும் சொல்லிவிட்டேன்.

கோமதி, 6:40
மிகவும் சந்தோஷம் செல்வி. ஆனால் வெள்ளிக்கிழமை முடியாது. செவ்வாய் நித்யாவுக்கு இயற்பியல் செய்முறைத் தேர்வு. சாக்கு சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே. அவள் வண்ணம் அடிக்கும் படிப்புப் பிளானரையே படம் எடுத்து அனுப்புகிறேன்.
[படம்]

செல்வி, 6:44
கோலப் புத்தகமா?

கோமதி, 6:45
பிளானர்.

மகேஷ், 6:51
ஓரத்தில் நிற விளக்கம் இருக்கிறது. யாராவது பெரிதாக்கிப் பார்த்தீர்களா?

செல்வி, 6:53
பார்த்தேன். ‘சாம்பல் – போன நேரம்’. ஞாயிற்றுக்கிழமைக் கட்டம் முழுக்கச் சாம்பல். உள்ளே ‘செ. அத்தை வீடு’.

கோமதி, 6:54
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மகேஷ், 6:55
பயனில்லை அத்தை. எல்லாரும் பார்த்தாயிற்று.

நித்யா, 7:02
அத்தை, படிக்காத நேரம் எல்லாமே சாம்பல்தான். தூக்கம், குளியல், பஸ், எல்லாம்.

செல்வி, 7:03
பஸ்ஸும் நானும் ஒன்று. சரி.

சுந்தரம், 7:20
செல்வி, கோபப்படாமல் கேள். நான் 31 வருடம் கணக்கு நடத்தியவன் என்பதால் சொல்கிறேன். இப்போது பிளஸ் டூ மொத்தம் 600. முன்பு 1200 இருந்தது, 2019 தேர்விலிருந்து பாதியாகிவிட்டது. இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. அந்த 20ஐ விட்டுவிட்டு எழுத்தில் பிடிப்பது கடினம். பாடங்களை எண்ணிப் பார்: இயற்பியல் 11, வேதியியல் 15, கணக்கு 12. இந்த மூன்றில் மட்டும் 38. பிள்ளை 38 இதழ் வரைந்து, முடித்த பாடத்துக்கு ஓர் இதழ் என்று நிறம் அடிக்கிறாள். மீதி எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஓர் எச்சரிக்கை. என்னிடம் படித்த பையன் ஒருவன் நான்கு மையில் அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினான். அட்டவணை பிரமாதம். அதைப் போட்டு முடிக்கவே ஒரு வாரம். அரையாண்டில் கணக்கில் 22. ஆகவே நிறம் அடிப்பதே படிப்பு ஆகிவிடக் கூடாது. மேலும்

சுந்தரம், 7:20
கை பட்டு அனுப்பிவிட்டது. தொடர்கிறேன்.

ரவி ஷார்ஜா, 7:41
இப்போதுதான் எழுந்தேன். அண்ணன் வகுப்பு முடிந்ததா?

நித்யா, 7:48
பெரியப்பா, எனக்கும் முதலில் அப்படித்தான் ஆனது. இயற்பியலுக்கு ஒரு நிறம், வேதியியலுக்கு ஒரு நிறம் என்று வைத்திருந்தேன். பக்கம் அழகாக இருந்தது, எது தெரியும் எது தெரியாது என்று மட்டும் தெரியவில்லை. இப்போது படித்துவிட்டால் இளமஞ்சள். புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்த்துச் சரியாக வந்தால்தான் மேலே பச்சை. இரவு 10 நிமிடம்தான் பென்சிலைத் தொடுவேன்.

மகேஷ், 7:50
எத்தனை பச்சை?

நித்யா, 7:50
17.

மகேஷ், 7:51
மஞ்சள்?

நித்யா, 7:55
அதைக் கேட்காதீர்கள் அத்தான்.

செல்வி, 8:10
அந்தப் பிளானர் என்ன விலை?

கோமதி, 8:12
350. பென்சில் தனி.

ரவி ஷார்ஜா, 8:13
நாங்கள் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் படித்தவர்கள்.

சுந்தரம், 8:14
நீ எங்கே படித்தாய்?

செல்வி, 8:30
சரி. ஒன்று மட்டும் சொல்கிறேன். 2011இல் மகேஷ் பத்தாம் வகுப்பு எழுதுகிறான் என்று அப்பாவின் சதாபிஷேகத்துக்கு நான் மதியம் வந்து மாலையே கிளம்பினேன். அதற்கு இந்தக் குடும்பத்தில் எத்தனை வருடம் பேச்சு கேட்டேன் என்று மதினிக்கே தெரியும்.

கோமதி, 8:33
நான் எதுவும் பேசவில்லை செல்வி.

செல்வி, 8:33
நீங்கள் பேசினீர்கள் என்று சொன்னேனா?

மகேஷ், 8:35
அம்மா, அந்தத் தேர்வில் எனக்குக் கணக்கில் 61. சதாபிஷேகத்தில் இருந்து சாப்பிட்டிருக்கலாம்.

ரவி ஷார்ஜா, 8:36
அன்றைக்கு அடைப்பிரதமன்.

சுந்தரம், 8:37
பால் பாயசம்.

ரவி ஷார்ஜா, 8:37
அடைப்பிரதமன் அண்ணே. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

செல்வி, 8:40
பால் காய்ச்ச அம்மாவின் பித்தளைப் பானை வேண்டும். யாரிடம் இருக்கிறது?

(8:40 முதல் 9:25 வரை எவரும் பேசவில்லை.)

மகேஷ், 9:25
நான் ஒரு வழி சொல்கிறேன். ஞாயிறு அதிகாலை 3:15க்குப் பாளையங்கோட்டையில் காருடன் நிற்கிறேன். நாங்குநேரி வழியாக வள்ளியூருக்கு ஒரு மணி நேரம். பால் காய்ந்ததும் சாப்பிட்டுவிட்டு 9 மணிக்குள் நித்யாவைத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன். கோலத்தை மட்டும் முதல் நாள் வேறு யாராவது.

செல்வி, 9:27
வேறு யார்? எனக்கு இடுப்பு வலி.

கோமதி, 9:29
3:15க்குக் கிளம்பினால் அன்றைக்கு முழுக்கத் தூங்கி வழிவாள்.

சுந்தரம், 9:33
அம்மா சொல்வதை எழுதுகிறேன்: “படத்தைப் பார்த்தேன். வேதியியலுக்கு 15 என்றால் இதழ் எதற்கு? 15 புள்ளி, இடைப்புள்ளி, 8இல் நிறுத்தம் வைத்தால் வாசலுக்கும் ஆகும். பிள்ளை தாளில் வரைந்து அனுப்பட்டும், நான் போய்ச் சொல்லச் சொல்ல மகேஷ் போடட்டும்.”

மகேஷ், 9:34
நானா?

ரவி ஷார்ஜா, 9:34
நேரலையில் காட்டு.

நித்யா, 9:41
வரைந்து அனுப்புகிறேன் ஆச்சி. வருவதைப் பற்றி அப்பாவிடம் கேட்கிறேன்.

செல்வி, 9:42
உன் அப்பா இந்தக் குழுவில்தானே இருக்கிறான்.

நித்யாவின் அப்பா, 9:58
👍

செல்வி, 9:59
எதற்கு 👍? வருவதற்கா, வராததற்கா?

செல்வி, 10:20
நித்யா, அந்தச் சாம்பலை அழித்தாயா?

நித்யா, 10:22
இன்னும் இல்லை அத்தை. பென்சில்தான், அழியும்.

செல்வி, 10:23
பானை யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன்.